பட்டியலில் எழுதப்படாத சொத்து

கடந்த ஆண்டு நாம் ஐந்து பேர் காங்கேசன்துறையில் கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக்குச் சென்று வந்தோம். குருக்கள் இருவர், கிராமப் பணியாளர் இருவர், கட்டுவனைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர். 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பித்த அந்தச் சேவையில் நாம் ஏறிய கப்பலின் பெயர் ‘சிவகங்கை’. வேளாங்கண்ணியிலும், புனித அருளானந்தர் 1693இல் இரத்தம் சிந்திய ஓரியூரிலும் செபித்துவிட்டு, சிவகங்கை மாவட்டத்திலேயே உள்ள மானாமதுரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே நாம் பார்க்கப் போனது ஒரு குயவர் பட்டறையை.

ஏன் குயவர் பட்டறை? வலிகாமத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் மண்பாண்டப் பயிற்சியை மறுபடியும் ஆரம்பிக்கலாமா என்று எம்மிடம் கேட்கப்பட்டிருந்தது. ‘மறுபடியும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதைப் பின்னர் சொல்கிறோம். பார்க்கப் போன இடத்தில் நாமே சக்கரத்தின் முன் அமர நேர்ந்தது. அந்த அரைமணி நேரம் எமக்குப் படிப்பித்ததை, இடம்பெயர்ந்து வாழ்பவர்களும் இடம்பெயர்ந்து திரும்பியவர்களுமான கமக்காரக் குடும்பங்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சக்கரத்தின் முன்

மானாமதுரை வைகை ஆற்றங்கரை ஊர். வேளார் எனப்படும் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மண்பாண்டம் செய்து வருகின்றன. பானை, சட்டி, அடுப்பு, விளக்கு எல்லாம் செய்கிறார்கள். கச்சேரிகளில் வித்துவான்கள் வாசிக்கும் கடமும் இங்கே செய்யப்படுகிறது. கடம் செய்யும் மீனாட்சி கேசவன் என்ற அம்மையாருக்கு இந்தியாவின் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்திருக்கிறது. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. அதாவது, வேறு ஊரில் செய்த பானையை மானாமதுரைப் பானை என்று சொல்லி விற்க முடியாது.

நாம் போன பட்டறையில் ஒரு முதியவரும் அவருடைய மகனும் மருமகளும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சுற்றியுள்ள கண்மாய்களில் (எமது நாட்டில் குளம் என்பதை அங்கே கண்மாய் என்கிறார்கள்) மண் எடுத்து, உலர்த்தி, கட்டி உடைத்து, நீரில் ஊறவிட்டு, ஆற்று மணல் கலந்து, காலால் மிதித்துப் பதம் பண்ணுகிறார்கள். மணல் குறைந்தால் காயும்போது வெடிக்கும். கூடினால் சக்கரத்தில் எழும்பாது. எவ்வளவு என்பதற்கு அளவுப் பாத்திரம் இல்லை. மிதிக்கிற பாதத்துக்குத்தான் அது தெரியும்.

இப்போது சக்கரம் மின்சாரத்தில் சுற்றுகிறது. முன்னர் கோலால் உந்திச் சுற்றிய பெரிய சக்கரம் வேலிக்கரையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. “உட்கார்ந்து பாருங்க சாமி” என்றார் முதியவர். வெளியூர்க்காரர் பலர் அப்படி வந்து உட்கார்ந்து பார்க்கிறார்களாம். படம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் காசு கொடுத்துவிட்டுப் போவார்களாம். நாமும் உட்கார்ந்தோம்.

மண் கட்டியைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவதே முடியவில்லை. அவர் கை வைத்தால் அசையாமல் நிற்கும் மண், எமது கை பட்டதும் தலை ஆட்டியது. “அமுக்காதீங்க சாமி. முழங்கையத் தொடையில ஊன்றிக்குங்க. தண்ணி தொட்டுக்குங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் போனபின் நடுவில் ஒரு குழி விழுந்தது. சுவரை மேலே இழுத்தபோது ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் தடித்து, கடைசியில் முழுவதும் சரிந்துவிட்டது. இரண்டாம் முறை கிண்ணம் போன்ற ஒன்று வந்தது. அதற்குக் கிண்ணம் என்று பெயர் வைத்தது எமது மரியாதைக்காகத்தான்.

அவர் செய்த பானையை நூலால் அறுத்து எடுத்தபோது அதற்கு அடி இல்லாமல் இருந்தது. எமக்கு ஆச்சரியம். பாதி உலர்ந்தபின், உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி அடியைச் சேர்த்து மூடுகிறார்கள். சுவரின் கனம் ஒரே சீராக வருவதும் அந்தத் தட்டலில்தான். கடமென்றால் இன்னும் பல நூறு தட்டு வேண்டும். பின்னர் நிழலில் உலர்த்தி, வெயில் காட்டி, விறகும் வைக்கோலும் அடுக்கி மண் பூசிய சூளையில் சுடுகிறார்கள். பானையில் ஈரம் மிஞ்சியிருந்தால் சூளையிலேயே வெடித்துவிடும். மழைக்காலத்தில் தொழில் படுத்துவிடுகிறது.

“இதைப் பழக எவ்வளவு காலம் எடுக்கும் ஐயா?” என்று கேட்டோம்.

“மண்ணு நடுவுல நிக்கவே சில மாசம் ஆகும் சாமி. பானை எடுக்க ஒரு வருசம். அடி தட்டிச் சேர்க்க இன்னும் ரெண்டு வருசம். சூளைய நம்பி ஒருத்தன்கிட்ட விட, அது எப்பன்னு சொல்ல முடியாது” என்றார்.

கூட வந்த கட்டுவன் அண்ணர் சக்கரத்தில் அமரவில்லை. அவர் மிதித்து வைத்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, விரலால் நசித்து, முகர்ந்து பார்த்துவிட்டு, “மணல் காற்பங்கு வரும் போல கிடக்கு” என்றார். முதியவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க நம்ம ஆளா?” என்று கேட்டார். “இல்லை ஐயா, நான் தோட்டஞ் செய்யிறவன்” என்றார் அண்ணர். அதன் பின்னர் அவர்கள் இருவரும் எம்மை மறந்துவிட்டு நெடுநேரம் மண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோழி அடைந்த சக்கரம்

இனி எமது கதை. சில ஆண்டுகளுக்கு முன்னர், மீள்குடியேறிய பெண்களுக்கென்று பத்து நாள் மண்பாண்டப் பயிற்சி ஒன்றை நாமே முன்னின்று நடத்தினோம். வெளியிலிருந்து ஓர் ஆசிரியரை அழைத்தோம். மின்சாரச் சக்கரம் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கடைசி நாள் விழா வைத்து, விளக்கேற்றி, சான்றிதழ் வழங்கி, படம் எடுத்து, உதவி தந்தவர்களுக்கு அறிக்கை அனுப்பினோம். அறிக்கையில் ‘பயனாளிகள் சுயதொழிலில் ஈடுபடும் தகைமை பெற்றுள்ளனர்’ என்று எழுதியவரும் நாமே.

ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தோம். சக்கரம் ஒரு கொட்டிலின் மூலையில் இருந்தது. அதன் மேல் கோழி அடைந்திருந்தது. அந்தப் பெண்களில் எவரையும் நாம் குறை கூறமாட்டோம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் செய்த சட்டிகள் வெடித்தன. ஏன் வெடித்தன என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. மண் எங்கே எடுப்பது என்று எவரும் ஒழுங்குபடுத்தவில்லை. சந்தையில் அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் மலிந்து கிடந்தன. பத்து நாளில் முடியாத ஒன்றைப் பத்து நாளில் முடித்துவிட்டதாக நாம் சான்றிதழ் எழுதிக் கொடுத்தோம். மானாமதுரையில் எமது கையில் மண் சரிந்து விழுந்தபோது எமக்கு அந்தச் சான்றிதழ்கள்தான் நினைவுக்கு வந்தன.

பயணிகள் சக்கரத்தில் அரைமணி நேரம் அமர்ந்து பார்ப்பதில் தவறில்லை. ஆர்மேனியா, துருக்கி போன்ற நாடுகளிலும் இன்று அது நடக்கிறது. குயவருக்கு அதனால் சிறு வருமானம் வருகிறது. பானைக்குப் பேரம் பேசுகிறவர்கள், ஒருமுறை தாமே செய்து பார்த்தபின் பேரம் பேசுவதை நிறுத்தக்கூடும். பயணி, தான் பயணி என்று தெரிந்துகொண்டே எழுந்து போகிறான். அபிவிருத்தி வேலை செய்யும் நாமோ அரைமணி நேர அனுபவத்தைத் தொழில் என்று பெயர் மாற்றி, அதை நம்பி ஒரு குடும்பம் வாழவேண்டும் என்று எதிர்பார்த்தோம். எமது பக்கத்துத் தவறு அதுவே.

குத்தாகியாவிலிருந்து வந்தவர்கள்

மானாமதுரையிலிருந்து திரும்பும் வழியில் எம்மில் ஒருவர் தாம் முன்னர் எருசலேமுக்குத் திருயாத்திரை போனபோது கண்ட ஒன்றைச் சொன்னார். பழைய நகரத்தின் தெருப் பெயர்கள் நீலமும் வெள்ளையுமான சுட்ட மண் ஓடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வேலைப்பாட்டை அந்நகரில் ஆரம்பித்தவர்கள் ஆர்மேனியக் குயவர்கள். அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே.

ஆர்மேனியர் எமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். சென்னையில் அவர்கள் வாழ்ந்த ஆர்மேனியன் தெருவைத்தான் தமிழ் மக்கள் வாய்க்கு வந்தபடி அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள். அங்கே அவர்களுடைய ஆலயம் இன்றும் நிற்கிறது. உலகின் முதலாவது ஆர்மேனிய மொழிச் சஞ்சிகை 1794இல் அச்சானதும் சென்னையிலேதான். புனித தோமையார் மலைக்கு ஏறும் படிகளைக் கட்டுவித்தவரும் ஓர் ஆர்மேனிய வணிகரே.

துருக்கியின் குத்தாகியா என்ற நகரம் வர்ணம் தீட்டிய மண்பாண்டங்களுக்கும் ஓடுகளுக்கும் பெயர்போனது. அங்கே தொழில் செய்த ஆர்மேனியர்களுள் ஒருவர் தாவீது ஒகானெசியன். 1915இல் ஆரம்பித்த ஆர்மேனிய இன அழிப்பில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர்; எஞ்சியோர் சிரியப் பாலைவனத்தை நோக்கித் துரத்தப்பட்டனர். ஒகானெசியனும் 1916இல் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டு அலெப்போவில் அகதியானார். முதலாம் உலகப் போர் முடிந்தபின், எருசலேமில் பாறைக் குவிமாடத்தின் பழுதடைந்த ஓடுகளைத் திருத்த ஆள் தேடிய ஆங்கிலேயர் அவரை அங்கே அழைத்தனர். அவர் 1919இல் குத்தாகியாவுக்குப் போய் வேறு சில தொழிலாளரையும் அழைத்து வந்தார். அவர்களில் பாலியன், கரகாஷியன் என்ற இரண்டு குடும்பங்கள் 1922இல் பிரிந்து தமக்கென ஒரு பட்டறையை ஆரம்பித்தன. அந்த இரு குடும்பங்களின் பெயரிலும் எருசலேமில் தொழில் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. குத்தாகியாவில் பிறந்த கைவேலையை இன்று உலகம் எருசலேமின் கைவேலை என்று வாங்குகிறது.

இதைக் கேட்டுவிட்டு, ‘பார்த்தீர்களா, கையில் தொழில் இருந்தால் எங்கேயும் பிழைக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. இப்படிப்பட்ட பேச்சை நலன்புரி நிலையங்களில் நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். நாமும் பேசியிருக்கிறோம். ஆனால் கதையை முழுவதும் கேட்கவேண்டும். அவர்கள் பிழைத்ததற்குக் கை மாத்திரம் காரணம் அல்ல. வேலைக்கு ஆர்டர் கொடுக்க ஆள் இருந்தது. பட்டறை போட இடம் கிடைத்தது. ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் குடும்பங்கள் கூட்டமாக வந்தன. புதிய இடத்து மண்ணைப் பரீட்சித்துப் பார்க்க ஆண்டுக்கணக்கில் அவகாசமும் இருந்தது. அப்படியிருந்தும் 1948இல் போர் வந்தபோது ஒகானெசியன் இரண்டாம் முறையும் அகதியாகி, 1953இல் பெய்ரூத்தில் காலமானார். கைத்தொழில் ஒருவரைப் போரிலிருந்து காப்பாற்றாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. குயவருக்கு மண்ணை வண்டியில் ஏற்றி வரலாம். கமக்காரருக்கு அப்படி இயலாது. அவருடைய அறிவு ஒரு குறிப்பிட்ட காணியோடும் ஒரு குறிப்பிட்ட கிணற்றோடும் கட்டப்பட்டது. ஆகவே, ‘தொழில் பழகுங்கள், காணியை மறவுங்கள்’ என்று எவர் சொன்னாலும் அதற்கு நாம் உடன்படமாட்டோம். காணி திரும்ப வேண்டும். காணியோடு சேர்ந்து அந்தக் காணியைப் பற்றிய அறிவும் திரும்ப வேண்டும். முதலாவதைப் பற்றிப் பேச அமைப்புகள் உண்டு, ஆர்ப்பாட்டங்கள் உண்டு, வழக்குகளும் நடந்தன. இரண்டாவதைப் பற்றிப் பேசுவார் இல்லை.

படிவத்தில் இல்லாத வரி

1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தது. அந்த இரவில் பள்ளி மாணவராக நடந்தவர்களுள் நாமும் ஒருவர். பின்னர் வந்த ஆண்டுகளில் எத்தனையோ படிவங்கள் வந்தன. வீடு எத்தனை அறை, கிணறு கட்டியதா கட்டாததா, தென்னை எத்தனை, பனை எத்தனை, மாடு எத்தனை, நீரிறைக்கும் இயந்திரம் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். நாமும் முழங்காலில் பலகை வைத்து நிரப்பிக் கொடுத்தோம். ‘உமக்கு என்ன தெரியும்?’ என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

கட்டுவன் அண்ணருக்குத் தெரிந்தவை சிலவற்றைக் கப்பலில் திரும்பும்போது எழுதிக்கொண்டோம். எந்த மூலையில் சுண்ணக்கல் மேலே நிற்கிறது, எந்தப் பாத்தியில் மாரி வெள்ளம் தேங்கும் என்று அவருக்குத் தெரியும். பூவரசங்குழையை எப்போது வெட்டி, எவ்வளவு ஆழத்தில் தாழ்க்கவேண்டும், விதை வெங்காயத்தைப் பிடி கட்டி எங்கே தூக்கினால் அழுகாது, புகையிலையை எந்தப் பக்குவத்தில் முறிப்பது என்று தெரியும். முக்கியமாக, தன் கிணற்றை எவ்வளவு நேரம் இறைக்கலாம், எப்போது நிறுத்தி ஊறவிடவேண்டும் என்று தெரியும். எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறைக்குள் மழைநீர் இறங்கி, கனத்த உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். துலா மிதித்த காலத்து மனிதருக்கு இதை எவரும் வகுப்பில் படிப்பிக்கவில்லை. நாக்கில் ஒரு சொட்டு விட்டு அறிந்துகொண்டார்கள்.

“என்ரை காணி மண்ணெண்டால் சுவாமி, இருட்டிலை கையிலை தந்தாலும் சொல்லுவன்” என்றார் அண்ணர். பிறகு சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “பெடியனுக்குத்தான் ஒண்டும் தெரியாது” என்றார்.

அவருடைய மகன் பிறந்தது முகாமில். தகப்பன் கூலிக்குப் பிறர் தோட்டம் கொத்தப் போவதைத்தான் அவன் கண்டான். தன் தோட்டத்தில் நிற்பதை அவன் காணவில்லை. பல ஆண்டுகள் காத்திருந்து காணியின் ஒரு பகுதி கைக்கு வந்தபோது, எல்லை வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, பற்றை ஆள் உயரம். பற்றை வெட்ட உதவி கிடைத்தது. கிணறு இறைக்க உதவி கிடைத்தது. நீர்ப் பம்பியும் கிடைத்தது. மகன் கடையில் சொன்ன மருந்தை வாங்கி அடித்தான், கடையில் சொன்ன அளவுக்குப் பசளை போட்டான், பம்பியைக் காலை தொடக்கம் மாலை வரை ஓட விட்டான். இரண்டு போகம் நட்டப்பட்டு, இப்போது காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நகரத்தில் வேலை செய்கிறான். நாம் அவனையும் குறை கூறவில்லை. பத்து நாள் பயிற்சி பெற்ற அந்தப் பெண்களைப் போல, அவனுக்கும் சக்கரத்தைக் கொடுத்தோம், பக்கத்தில் நிற்க ஆளைக் கொடுக்கவில்லை.

அந்த ஆள் அவனுடைய வீட்டிலேயே இருந்தார் என்பதே இதில் வேதனை. தகப்பன் திண்ணையில் இருந்தார். எமது திட்டத்தில் அவருக்கு வயது கூடிவிட்டபடியால் ‘பயனாளி’ என்ற இடம்கூட இல்லை.

எமது மண்ணும் எமது பானையும்

மானாமதுரையிலிருந்து மதுரைக்குப் போகும் பாதையில் கீழடி இருக்கிறது. 2015ஆம் ஆண்டளவில் தொடங்கிய அகழ்வுகளில் அங்கே பெயர்கள் கீறிய பானை ஓடுகள் பெருவாரியாகக் கிடைத்தன. 2023இல் திறந்த காட்சிக்கூடத்தில் அவற்றைப் பார்த்தோம். அப்போது எமது கந்தரோடையை நினைத்தோம். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது அங்கே கறுப்புச் சிவப்புப் பானை ஓடுகள் வெளிப்பட்டன. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த ஈமக்குழியிலும் இறந்தவரோடு பானைகள் வைக்கப்பட்டிருந்தன. இந்தக் குடாநாட்டில் குறைந்தது 2000 ஆண்டுகளாக மண்பாண்டம் புழங்கியிருக்கிறது.

எமது வீடுகளிலும் பொங்கற் பானை, கூழ்ச் சட்டி, கள்ளு முட்டி, கார்த்திகை விளக்குச் சிட்டி, கலியாணக் கும்பம், கடைசியில் கொள்ளிக்குடம் என்று பிறப்பிலிருந்து இறப்பு வரை குயவர் கை இருந்தது. ஆனால் அந்தக் கைக்கு நாம் மரியாதை கொடுத்தோமா? சாதியின் பெயரால் அவர்களைத் தள்ளி வைத்தோம். பானையை வாங்கிக்கொண்டோம், அதைச் செய்தவரைத் திண்ணையில் ஏற்றவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குப் போனபோது, தொழில் அழிகிறதே என்று கவலைப்பட எமக்கு உரிமை இல்லை. இகழ்ச்சியிலிருந்து தப்பிப் போனவர்களை மீண்டும் வந்து அமருங்கள் என்று எப்படிக் கேட்பது? மண்பாண்டத் தொழில் எமது நாட்டில் திரும்பவும் தழைக்கவேண்டுமானால், முதலில் மரியாதை திரும்பவேண்டும். அடுத்ததாக நியாயமான விலை. குளத்து மண் எடுக்க இலகுவான அனுமதியும் வேண்டும். தமிழ்நாட்டில் மழைக்காலத்துக்கு மண்பாண்டத் தொழிலாளருக்கு அரச உதவித்தொகையும் உண்டு. பயிற்சி வகுப்பு இவற்றுக்கெல்லாம் பிறகு வரவேண்டியது.

நாம் என்ன செய்யலாம்?

இறைவாக்கினர் எரேமியா குயவரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பாடம் சொல்ல அல்ல, பார்க்கவே அவர் அனுப்பப்பட்டார். அபிவிருத்தி வேலை செய்யும் எமக்கும் அந்த வரிசை பொருந்தும். முதலில் போய்ப் பார்ப்பது, பிறகு பேசுவது. எமது கருத்தாகச் சிலவற்றை இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் ஓர் இரண்டாவது பட்டியலை எழுதட்டும். ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். அப்பு, ஆச்சி, அப்பா, அம்மா ஆகியோருக்குக் காணியைப் பற்றி, கிணற்றைப் பற்றி, விதையைப் பற்றி, மாட்டைப் பற்றித் தெரிந்ததைப் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். காணி இன்னும் விடுபடாதவர்கள் முதலில் எழுதுங்கள். எல்லை எது, கிணறு எங்கே, எந்த மரம் எந்த மூலையில் நின்றது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இப்பட்டியல் பிள்ளைகளுக்கு அறிவு. ஒருவேளை நாளைக்கு உறுதி தொலைந்த இடத்தில் துணைச் சான்றாகவும் உதவலாம்.

இரண்டாவது, எழுத்து மட்டும் போதாது. மண்ணை மிதிக்கும் பாதத்தின் அறிவு கொப்பியில் ஏறாது. ஆகவே ஒரு பிள்ளை ஒரு முதியவரோடு ஒரு முழுப் போகம் தோட்டத்தில் நிற்கட்டும். ஒரு பரப்பு நிலம் போதும். காணி இல்லாதவர்கள் குத்தகைத் துண்டில் செய்யுங்கள். பிள்ளையின் படிப்புக் கெடும் என்று பயப்படத் தேவையில்லை. சனிக்கிழமையும் பின்னேரமும் போதும். வெங்காயம் நட்டதிலிருந்து பிடி கட்டுவது வரை ஒருமுறை கூட நின்ற பிள்ளைக்கு, பிறகு கடைக்காரர் சொல்லும் எல்லாம் வேதவாக்காக இராது.

மூன்றாவது, எம்மைப் போன்ற நிறுவனங்களுக்கு. பத்து நாள் பயிற்சிகளைக் குறைப்போம். அதே பணத்தில் ஊரில் உள்ள ஒரு முதிய கமக்காரருக்கோ, குயவருக்கோ, தச்சருக்கோ ஒரு வருடத்துக்கு மாதச் சம்பளம் கொடுத்து, இரண்டே இரண்டு இளைஞரை அவரிடம் விடுவோம். அறிக்கையில் எண்ணிக்கை சிறிதாக இருக்கும். இருபது பயனாளிகள் என்று எழுத முடியாது. உதவி தருவோர் கேள்வி கேட்பார்கள். கோழி அடைந்த சக்கரத்தின் படத்தை அவர்களுக்குக் காட்டி விளக்குவது எமது கடமை.

நான்காவது, சந்தை. எமது பங்குகளிலும் கோயில்களிலும் தைப்பொங்கலுக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் எமது ஊர்க் குயவரின் பானையையும் சிட்டியையும் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து வாங்குவோம். பேரம் பேசாமல் வாங்குவோம். வாங்கும்போது செய்தவரின் பெயரைக் கேட்டறிவோம்.

இவற்றில் எதுவும் காணி உரிமைக்கு மாற்று அல்ல என்பதை மீண்டும் சொல்கிறோம். 2009இல் போர் முடிந்தபின் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2015க்குப் பின்னரும் பல துண்டுகள் விடுவிக்கப்பட்டன. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் தொடர்ந்து கேட்போம். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், காணி கிடைக்கும் நாளில் அதில் இறங்கி நிற்கத் தெரிந்த ஒரு பிள்ளையையாவது வளர்த்து வைத்திருப்போம்.

மானாமதுரையை விட்டுப் புறப்படும்போது, நாம் செய்த அந்தக் கோணல் கிண்ணத்தை ஞாபகமாகக் கொண்டுபோகலாமா என்று கேட்டோம். “சுடாத மண்ணு சாமி, நாலு மைல் தாங்காது” என்று சிரித்துவிட்டு, முதியவர் அதை எடுத்து நசுக்கிப் பழைய மண் குவியலோடு சேர்த்தார். மண் வீணாகவில்லை. அன்று பின்னேரமே அது அவருடைய கையில் ஒரு சட்டியாக எழும்பியிருக்கும்.

கட்டுவன் அண்ணருக்கு இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். வரும் போகத்துக்கு இரண்டு இளைஞர் அவரோடு நிற்கப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் அவருடைய மகன். சனி, ஞாயிறுகளில் மாத்திரம் வருவதாகச் சம்மதித்திருக்கிறார். இது எப்படி நடந்தது என்பதை, நன்றாக நடந்தாலும் நடக்காவிட்டாலும், இதே பக்கங்களில் உங்களுக்கு எழுதுவோம். நீங்களும் உங்கள் இரண்டாவது பட்டியலை எழுத ஆரம்பியுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.